ராணியின் மாலைக்குப் பதினான்கு தொப்பி

என்னோடு ஒரே வாங்கில் இருந்து, கணக்கை எனக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டுக் கொப்பியைக் கையால் மறைத்து வைத்தவர்களே, முதலில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேணும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இண்டைக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு கடை வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, நடன மேடை எதற்கென்றாலும் நகைசெற் தேடுகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். பதினெட்டுப் பெண்கள் எனக்குக் கீழே இருந்து மணி கோக்கிறார்கள். போன வருசம் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், இதையே பெரிய படிப்பாகப் படித்தவளாம். என்னுடைய மாலையைக் கையில் எடுத்தவள் மணியைப் பார்க்கவில்லை. திருப்பி, பிடரிப் பக்கம் வருகிற கயிற்று நுனியைப் பார்த்தாள்.

"அன்ரி, இந்த நுனி வேலை ஆரிட்டைப் பழகினீங்கள்?"

"ஒருத்தரிட்டையும் இல்லைப் பிள்ளை. நானே கண்டுபிடிச்சது."

அது முழு உண்மை என்றுதான் போன மாதம் வரைக்கும் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாதா கோயில் திருநாள் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் அந்தக் காலப் பங்குச் சுவாமிமாரைப் பற்றி எழுதுவார்கள். நான் உங்களுடைய சைக்கிள்களைப் பற்றி எழுதப் போகிறேன். ஏனென்று வாசிக்க வாசிக்க விளங்கும். விளங்கின பிறகு கோபிக்கக் கூடாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, சண்டைக் காலம். கரண்ட் இல்லை, கடலுக்கும் போக ஏலாது. அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துத் திரும்பப் பொத்திக்கொண்டிருந்தார். நெருப்புப் பெட்டி வாங்க ஏலாது, மெழுகுதிரி கண்ணால் காண ஏலாது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கோ, அந்த ஒரு வருசம் சிரித்த மாதிரிப் பிறகு எப்போதாவது சிரித்தோமா? பெரியவர்களுக்கு வேலை இல்லை, எங்களுக்குப் பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. குருநகர் ஒழுங்கை முழுக்க விளையாட்டுத்தான்.

நான் விளையாடவில்லை. நான் நகை செய்தேன். எழுதி முடிந்த பேனாக் குச்சியைக் கழுவித் துண்டு துண்டாக வெட்டினால் நீல மணி. டொபி சுற்றி வந்த தங்கக் கடதாசியை ஈர்க்கில் சுருட்டிச் சோற்றுப் பசை பூசினால் தங்க மணி. அறுந்த செபமாலை, உடைந்த காப்பு, கடற்கரையில் துளையோடு ஒதுங்குகிற சிப்பி, எல்லாம் என்னுடைய பிஸ்கற் ரின்னுக்குள் வந்து சேர்ந்தன. வீட்டில் ஒரு பொத்தான் காணாமல் போனாலும் அம்மா முதலில் அந்த ரின்னைத்தான் திறப்பா.

கயிறு வானத்திலிருந்து வந்தது. இரவில் பரா லைட் அடிப்பார்களே, குடை பிடித்துக்கொண்டு வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குமே, அந்தக் குடையின் கயிறு. வெள்ளைவெளேர் என்று, பட்டு மாதிரி, மெல்லியதாய், மாடு கட்டினாலும் அறாது. உங்களில் ஒருவன் விடிய முதல் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான். இப்போது கனடாவில் பேரப்பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிகிறான். அவனுக்கு எங்கள் முற்றத்துக் கொய்யாப்பழம் கொடுத்து அந்தக் கயிற்றை வாங்கினேன். அணில் கோதின பழம்தான் கொடுத்தேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இனித் தொழிலைப் பற்றிச் சொல்லுகிறேன், கேளுங்கோ. மணி கோப்பது ஒரு வேலையே இல்லை, கண் தெரிந்தால் யாரும் கோக்கலாம். மாலை நடுவில் அறுவதில்லை. நுனியில்தான் கழரும். அந்தப் பரா லைட் கயிற்றை வெட்டின உடனேயே நுனி பூ மாதிரி விரிந்துவிடும். மணித் துளைக்குள்ளே போகாது, முடிச்சுப் போட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நுனியை அடக்கத் தெரியாதவன் நகை செய்யக் கூடாது. இது நான் என் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற முதற் பாடம்.

அந்த வருசத் திருநாளுக்குக் கூத்துப் போட முடிவானது. பெற்றோல்மாக்ஸ் எரிக்க மண்ணெண்ணெய் இல்லாதபடியால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கிப் பொழுதுபடமுதல் முடிக்கிற கூத்து. என்னுடைய தாய்மாமன்தான் ராணி. ஆறடி ஆள். ராணி வேடம் கிடைத்த அன்றைக்கே போய் மீசையை வழித்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுப் படியில் நின்று மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை, மீசை போயிட்டுது. இனித் திரும்பேலாது. ராணிக்குக் கழுத்து நிறைய நகை வேணும். ஏழு வடம். செய்வியோ?"

"செய்வன் மாமா."

"வடிவா இருக்க வேணும். பெடியள் விசிலடிக்க வேணும்."

ஏழு வடம் என்றால் பதினான்கு நுனி.

அடுப்புக் கொள்ளியில் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு முழக் கயிறு சுருண்டு கரிக்கட்டையானது. சின்னதாய், கூராய் ஒரு நெருப்பு வேணும். மெழுகுதிரி என்றால் கோயில் பீடத்தில்தான் இருந்தது. அதைக் கேட்கப் போனால் சுவாமி செவியைத் திருகுவார். அப்போதுதான் பெரியப்பாவின் சுருட்டு என் கண்ணில் பட்டது.

பெரியப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சண்டிலிப்பாய்ப் புகையிலைச் சுருட்டு ஒன்றைப் பற்றுவார். பாதி போகமுதல் சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிவிடுவார். சுருட்டு சிரட்டைக்குள் புகைந்துகொண்டு கிடக்கும். அந்தச் சிவந்த நுனியில் கயிற்று நுனியைத் தொட்டால், ஆகா! உருகி, மினுங்கி, கடுகு மாதிரி ஒரு குமிழ் வந்து நிற்கும். உருகினது ஆறமுதல் விரலில் எச்சில் தொட்டு உருட்ட வேணும். ஒரு மத்தியானத்துக்கு இரண்டு நுனி. ஒரே கரைச்சல், சுருட்டு அணையப் பார்க்கும். அணையாமல் இருக்க அதை யாராவது இழுக்க வேணும். பெரியப்பா நித்திரை. அப்போ நான்தான் இழுக்க வேணும்.

நாலாம் நாள் பெரியப்பா எழும்பிச் சுருட்டை வாயில் வைத்தார். முகம் கோணிப்போனது.

"எடியே பிள்ளை, இதென்னடி ரயர் எரிஞ்ச மாதிரி மணக்குது?"

"கடைக்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான் பெரியப்பா."

"ஓமடி, உவன் கள்ளன்தான். நான் அப்பவே நினைச்சனான்."

பாவம் அந்தக் கடைக்காரர். பெரியப்பா அவரோடு மூன்று மாதம் கதைக்கவில்லை.

ஏழாம் நாள் பதினான்காவது நுனியையும் உருக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு குசினிக்குள்ளே போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தி மூக்கைச் சுளித்தா.

"இங்கை வா. வாயைத் திற. ஊது."

ஊதினேன்.

"மாதாவே! பதின்மூண்டு வயசிலை சுருட்டு!"

"இல்லையம்மா, நான் நுனி உருக்கினனான்."

"என்னத்தின்ரை நுனி? நுரையீரலின்ரை நுனியோ?"

"கயித்து நுனியம்மா."

"கயித்தை வாயாலையோ உருக்கினனீ? இந்தாங்கோ, வந்து உங்கடை மகளின்ரை வாயை மணந்து பாருங்கோ!"

அப்பா வலையை விட்டுவிட்டு வந்து மணந்து பார்த்தார். "நல்ல புகையிலைதான்" என்றார். அதோடு அவருக்கும் சேர்த்து ஈர்க்குக் கட்டு தூக்கப்பட்டது. நான் என்ன சொன்னாலும் அம்மா நம்பவில்லை. மீன் அலசின தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னா.

"இவளைச் சாவகச்சேரிக்குச் சின்னம்மா வீட்டை அனுப்பப் போறன். அங்கை மூண்டு குஞ்சு குருமான் கிடக்கு. அதுகளைத் தூக்கி வைச்சிருந்தால் சுருட்டுப் பத்த நேரம் வராது. உந்த மணியும் மண்ணாங்கட்டியும் அங்கை வராது."

ஆட்டிறைச்சிக் கடைக்குப் போகிற ஆடு மாதிரி நான் அழுதேன். சின்னம்மா நல்லவதான். ஆனால் அவவின் வீட்டில் கைக்கு எட்டின எதையும் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். என்னுடைய மணிகள் ஒரு கிழமை தாங்காது.

அப்பா இடையில் வந்தார். "திருநாள் முடியட்டும். மச்சான்ரை கழுத்திலை மாலை நிண்டால் பிள்ளை இங்கை நிக்கட்டும். அறுந்தால் அடுத்த நாள் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போ."

"ஓம். அப்பிடியே ஆகட்டும்" என்றா அம்மா.

நான் கண்ணைத் துடைத்தேன். மாலை நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்த மாலை அல்லவா?

அடுத்த சனிக்கிழமை உடுப்புப் போட்டு ஒத்திகை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பிரம்போடு நின்றார். ராசா வேடம் போட்டவர் ஐஸ் கொம்பனியில் ஐஸ்கட்டி தூக்கின ஆள். கரண்ட் இல்லாமல் கொம்பனி பூட்டிக் கிடந்ததால் அவருடைய கை இரண்டும் வேலை தேடிக்கொண்டிருந்தன. ராணி மேல் சந்தேகப்பட்டு, தான் கொடுத்த மாலையை ராசா பறிக்கிற கட்டம். ராசா முன்னால் பிடித்து இழுக்க, ராணி தலையைக் குனிந்து பிடரியில் உள்ள கொழுக்கியைக் கழற்றிவிட வேணும். அதுதான் ஏற்பாடு.

ராசா இழுத்தார். மாமாவின் கை பிடரிக்குப் போகமுதலே 'டிக்' என்றது. உருக்கின குமிழ் கடுகு மாதிரி வெடித்துப் பறந்தது. அதன் பின்னால் ஏழு வடமும் பறந்தன. நீல மணியும் தங்க மணியும் மேடை முழுக்க உருண்டன. ராசா ஒரு காலை முன்னால் வைத்தார். மற்றக் கால் எங்கே போனதென்று தெரியவில்லை. முடியோடு நிலத்தில் குந்திவிட்டார். மத்தளக்காரர் அதையும் ஒரு ஆட்டம் என்று நினைத்துத் தாளத்தைக் கூட்டினார்.

அண்ணாவியார் பிரம்பை என் பக்கம் நீட்டினார். "ராணி வெறுங்கழுத்தோடை ஆடட்டும். உந்த மாலையை இனி இந்த மேடையிலை காணக் கூடாது."

மாமா மீசை இல்லாத உதட்டைத் தடவினார். "அண்ணை, நான் எல்லாத்தையும் வழிச்சுப்போட்டு நிக்கிறன். நகையும் இல்லையெண்டால் ராணியெண்டு ஆர் நம்புவினம்? பிள்ளைக்கு இன்னொருக்கால் பாப்பம்."

"மூண்டு கிழமை" என்றார் அண்ணாவியார். "ஒரு மணி விழுந்தாலும் நான் பொல்லாதவன்."

அம்மா வீட்டுக்குப் போய் என்னுடைய இரண்டு சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டா. சாவகச்சேரிக்குத்தான் என்று எனக்கு விளங்கியது.

உருக்கின நுனி கண்ணாடி மாதிரி. மினுங்கும், ஆனால் இழுவை தாங்காது. அதை நான் கண்டுபிடித்துக்கொண்டது சைக்கிள் கடை வாசலில். அப்பாவின் காற்றுப்பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு லேடீஸ் சைக்கிளுக்குப் பிரேக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். கம்பியை வெட்டினார். நுனி, என்னுடைய கயிறு மாதிரியே, பூவாய் விரிந்தது. அவர் ஒரு சின்ன ஈயத் தொப்பியை எடுத்து அந்த நுனியில் போட்டுக் குறட்டால் ஒரு நசுக்கு நசுக்கினார். முடிந்தது. நெருப்பும் இல்லை, முடிச்சும் இல்லை.

"அண்ணை, அந்தத் தொப்பி பதினாலு தருவீங்களோ?"

"பதினாலோ? கடைசித் தொப்பி இதுதான் பிள்ளை. சாமான் வந்து எத்தினை மாசம்!"

நான் திரும்பி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கோயில் மதிலோரம் பார்த்தேன். சைக்கிள், சைக்கிள், சைக்கிள். கம்பி இல்லாமல் தடி பிரேக் போட்ட பழைய சைக்கிளில் தொப்பி கிடையாது. ஆனால் லேடீஸ் சைக்கிள்களிலும் புதுசுகளிலும் ஆளுக்கு இரண்டு.

இப்போது விளங்குகிறதா?

ஓம், நான்தான். பிரசங்கம் தொடங்கினதும் தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே வருவேன். சட்டைப் பைக்குள் அப்பாவின் குறடு. ஒரு திருகு, ஒரு இழுவை. சுவாமி அன்றைக்கு ஊதாரி மகனைப் பற்றி நீட்டி நீட்டிச் சொன்னார். ஆறு தொப்பி. அடுத்த ஞாயிறு அவருக்கு மூக்கடைத்துத் தடிமன். சுருக்கமாய் முடித்தார், நாலுதான். நடுவில் ஒரு புதன்கிழமை நவநாளில் இரண்டு. சுவாமியின் சைக்கிளையும் நான் விடவில்லை. ஆனால் அவருடையதில் ஒன்றுதான் எடுத்தேன். மரியாதை.

ஊர் கலங்கிவிட்டது. பிரிந்த கம்பி குத்திப் பெண்கள் எல்லாருக்கும் முழங்காலில் கீறல். பாவாடை நுனி கொழுவிக் கிழிந்தது. பூசை முடிந்து பெரியவர்கள் மதிலோரம் கூடி நின்று ஆராய்ந்தார்கள்.

"கள்ளன் எண்டால் ரயரைக் கழட்டுவான், தொப்பியை ஏன் கழட்டுறான்?"

"உது காகத்தின்ரை வேலை. மினுங்கிற சாமான் கண்டால் விடாது."

பெரியப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. "உப்புக்காத்து. ஈயத்தைத் தின்னும். எங்கடை காத்துக்கு ஈயம் சீனி மாதிரி."

எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று மத்தியானம் பெரியப்பா அதைக் குசினி வாசலிலும் நின்று சொன்னார். அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "ஓம், உப்புக்காத்துப் பொல்லாதது" என்றா. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்பியின் மூடின பக்கத்தில் ஆணியால் ஒரு துளை. துளையால் ஒரு செம்புக் கம்பி வளையம். கயிற்று நுனியை வலைநூலால் இறுக்கிச் சுற்றி, தொப்பிக்குள்ளே செலுத்தி, குறட்டால் இரண்டு இடத்தில் நசுக்கு. அப்பாவின் வலைநூல் என்னைக் கேட்காமலே என் பக்கத்தில் வந்து கிடந்தது. முதல் வடத்தை மாமரக் கொப்பில் மாட்டி நான் தொங்கிப் பார்த்தேன். கொப்பு முறிந்தது. மாலை அறவில்லை.

ஆனால் பன்னிரண்டு தொப்பிதான் இருந்தது. மதிலோரம் இப்போது கோயில் மணி அடிக்கிற அண்ணை கதிரை போட்டுக் காவல் இருந்தார், காகம் கலைக்க. எங்கள் வீட்டிலும் அம்மாவின் லேடீஸ் சைக்கிள் நின்றது. அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. அம்மா தன் சைக்கிளில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவ. ஏழாவது வடத்தை விட்டுவிடுவோமா என்று யோசித்தேன். மாமா எண்ணிப் பார்க்கிற ஆள். ரின்னை மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

திருநாளன்று காலையில் திறந்து எண்ணினேன். பதினான்கு. திரும்ப எண்ணினேன். பதினான்கு. எனக்குத்தான் கணக்கு வராது என்று உங்களுக்கே தெரியுமே! முந்தி எண்ணினது பிழை என்று நினைத்துக்கொண்டு, மாதாவுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, ஏழாவது வடத்தையும் முடித்தேன். பயத்தில், கொழுக்கியின் வாயையும் சேர்த்துக் குறட்டால் ஒரு நசுக்கு நசுக்கிவிட்டேன். அதுதான் பிழையாய்ப் போனது.

பின்னேரம் மூன்று மணி. முன்வரிசையில் பாயில் அம்மா. அவவின் காலடியில், எனக்குத் தெரியும், என் இரண்டு சட்டை மடித்து வைத்த பை. மாமா மேடைக்கு வர விசில் பறந்தது. ஏழு வடமும் வெய்யிலில் மினுங்கின. பறிக்கிற கட்டம் வந்தது. ராசா பாடிக்கொண்டு மாலையைப் பிடித்து இழுத்தார். மாமாவின் கை பிடரிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கழட்டடா" என்றார் ராசா, வாயை அசைக்காமல். முன்வரிசைக்குக் கேட்டது.

"கழருதில்லையடா."

ராசா ஐஸ்கட்டி தூக்கின இரண்டு கையாலும் இழுத்தார். மாமா முழு ஆளாய் அவருக்குப் பின்னால் வந்தார். அந்தக் கரைக்கு ஒருக்கால், இந்தக் கரைக்கு ஒருக்கால். மத்தளக்காரர் பிடித்துக்கொண்டார். ராசா அதே அடியை மூன்றாம் முறை பாடினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒன்றே ஒன்றும் விழவில்லை. கடைசியில் ராசா களைத்து, முடியைச் சரி செய்து, ராகத்தோடு ஒரு புது அடி போட்டார்:

"வைத்துக்கொள் பாவி வைத்துக்கொள் – உன்
கழுத்தோடே கொண்டு போய்த் தொலையடி!"

சனம் எழும்பி நின்று கத்தியது. அண்ணாவியார் சாகும்வரை அந்த இழுபறி தான் பழக்கின ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அன்றிரவு கழுத்தில் மாலையோடுதான் படுத்தார். அடுத்த நாள் பூசைக்கும் சேட்டுக்குள்ளே மாலையோடுதான் வந்தார். பிறகு அப்பா உளி வைத்துக் கொழுக்கியை வெட்டினார். நுனியை வெட்டவில்லை. நுனி அப்படியே இருந்தது.

கூத்து முடிய அம்மா பாயைச் சுருட்டினா. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்குப் பஸ்ஸுக்கு வெள்ளன எழும்ப வேணுமோ அம்மா?"

"எந்தப் பஸ்?" என்றா. பையைத் திறந்து என் சட்டையை எடுத்து, அதால் மாமாவின் முகப்பூச்சைத் துடைத்துவிட்டா.

இதுதான் நான் தனியே, ஒருவரிடமும் பழகாமல், எழுந்து வந்த கதை. போன மாதம் வரைக்கும் இப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். இந்தத் திருநாளுக்கு, கோயில் மதிலோரம் ஒரு பெட்டி நிறையப் பிரேக் கம்பித் தொப்பி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுச் சாமான். உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கோ. எல்லாரும் மோட்டார் சைக்கிளில் வருகிறீர்கள், அது என் பிழை இல்லை.

போன மாதம் என்ன நடந்ததென்றால், பின்வளவுக் கொட்டிலைத் துப்புரவாக்கினேன். அம்மாவின் லேடீஸ் சைக்கிள் கறள் பிடித்துக் கிடந்தது. இரும்புக்காரனுக்குக் கொடுப்போம் என்று தூக்கும்போது கையில் ஏதோ நெருடியது. பிரேக் கம்பி இரண்டினதும் நுனி. தொப்பி இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வலைநூல், நெருக்கமாய், ஒரு நூல் மேல் ஒரு நூல் ஏறாமல், இறுக்கிச் சுற்றியிருந்தது. இத்தனை வருசத்தில் ஒரு இழை பிரியவில்லை.

நான் அந்தச் சைக்கிளில் கை வைத்ததே இல்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. காது கொஞ்சம் மந்தம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அவவின் கதிரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"அம்மா, இதிலை இருந்த தொப்பி ரெண்டும் எங்கை?"

நுனியைக் கையால் தடவிப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை.

"உப்புக்காத்துத் திண்டிட்டுது பிள்ளை" என்றா.